ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம்: இயந்திர, வாகனப் பராமரிப்பு அட்டவணை பற்றி வாசகர் கேள்விகள்

பராமரிப்பு அட்டவணை போடுவது, நடத்துவது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டோம். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்கு ஒரே பதில் தந்திருக்கிறோம்.

எங்களிடம் 20 வண்டிகள், இரண்டு ஜெனரேட்டர்கள், ஒரு ஏர் கம்ப்ரஸர், மூன்று ஃபோர்க்லிஃப்ட்கள் இருக்கின்றன. இதுவரை எது நின்றதோ அதைப் பார்ப்பதுதான் வழக்கம். இப்போது முறையாக அட்டவணை போடச் சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது?
– போக்குவரத்து மேற்பார்வையாளர்

முதலில் ஒரு நோட்டும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். மாடல் எண், சீரியல் எண், இன்றைய கிலோமீட்டர் அல்லது அவர் மீட்டர் (இயந்திரம் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டர்) அளவு, கடைசியாக ஆயில் மாற்றிய தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டர் உண்மையிலேயே ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். நின்றுபோன மீட்டரை நம்பிப் போட்ட அட்டவணை முதல் மாதத்திலேயே பிசகிவிடும்.

அடுத்து, "என்ன வேலை செய்வது" என்று எழுதத் தொடங்காதீர்கள். "இது எதனால் நிற்கும்" என்று எழுதுங்கள். ஏர் கம்ப்ரஸரை எடுத்துக்கொண்டால்: டேங்கில் தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும், காற்று ஃபில்டர் அடைத்து ஹெட் சூடேறும், பெல்ட் தொய்ந்து வழுக்கும், வால்வில் கரி படியும், சேஃப்டி வால்வ் இறுகிப்போய் வேண்டிய நேரத்தில் திறக்காது. இந்த ஐந்துக்கும் எதிரே ஒவ்வொரு வேலை எழுதினால் அதுவே அட்டவணை. எந்தப் பழுதையும் தடுக்காத வேலை ஒன்று பட்டியலில் கிடந்தால் தயங்காமல் அடித்துவிடுங்கள். "பொதுவாகப் பார்க்கவும்" என்ற வரி எந்த இயந்திரத்தையும் காப்பாற்றாது.

பிறகு தரம் பிரியுங்கள். நின்றால் ஆளுக்கு ஆபத்து, அல்லது மொத்த வேலையும் நிற்கும் என்றால் முதல் தரம். மாற்று ஏற்பாடு உண்டு என்றால் இரண்டாம் தரம். நின்றபின் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மூன்றாம் தரம். முதல் மாதம் முதல் தரத்தில் ஐந்தாறை மட்டும் எடுத்து நடத்துங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் அட்டவணைக்குள் கொண்டுவந்தால் மூன்றாம் மாதம் யாரும் அதைத் திறந்து பார்க்க மாட்டார்கள்.

தேதி கணக்கிடும் முறை இது. ஜெனரேட்டருக்கு 250 மணி நேரம் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 3 அன்று சர்வீஸ் செய்தபோது மீட்டரில் 1,840. மார்ச் 28 அன்று 1,990. 25 நாளில் 150 மணி, அதாவது நாளுக்கு 6 மணி. அடுத்த சர்வீஸ் 2,090இல் வர வேண்டும். இன்னும் 100 மணி இருக்கிறது. 100ஐ 6ஆல் வகுத்தால் 16 நாள் சொச்சம், ஆகவே ஏப்ரல் 13. ஆறு மாதக் கணக்கில் செப்டம்பர் 3. இரண்டில் முந்தியது ஏப்ரல் 13, அதைத்தான் எழுத வேண்டும். வாரம் ஒருமுறை மீட்டர் அளவைப் பதிந்தால் இந்தத் தேதி தானாகவே திருந்திக்கொண்டு வரும்.

வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு போதுமா, மணி நேரமும் பார்க்க வேண்டுமா?

வண்டி எப்படி ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. நெடுஞ்சாலையில் ஓடும் லாரிக்குக் கிலோமீட்டர் போதும். கான்கிரீட் மிக்ஸர், தண்ணீர் டேங்கர், குளிரூட்டி வைத்த வண்டி, ஏற்றி இறக்கக் காத்திருக்கும் டிப்பர் போன்றவற்றுக்குக் கிலோமீட்டர் பாதி உண்மையைத்தான் சொல்லும். சக்கரம் நின்றிருந்தாலும் எஞ்சினுக்குள் ஆயில் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் 10,000 கிலோமீட்டர் என்பது 250 மணி நேர ஓட்டம். அதே வண்டி நின்று நின்று போய்ச் சராசரி 15 ஆகிவிட்டால் அதே 10,000 கிலோமீட்டருக்கு எஞ்சின் ஏறக்குறைய 667 மணி நேரம் ஓடியிருக்கும். கிலோமீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஆயில் இரண்டரை மடங்குக்கு மேல் உழைத்த பிறகுதான் மாறும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மாதக் கிலோமீட்டரை அந்த மாத எஞ்சின் மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 25க்குக் கீழே வந்தால் அந்த வண்டியை மணி நேரக் கணக்குக்கு மாற்றிவிடுவது எங்கள் வழக்கம். டயர், பிரேக் லைனிங், வீல் பேரிங் மட்டும் கிலோமீட்டரிலேயே இருக்கட்டும். அவை உருண்டால்தான் தேயும்.

பழைய இயந்திரம். கையேடு இல்லை, தயாரித்த நிறுவனமும் இப்போது இல்லை. எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது என்று எப்படி முடிவு செய்வது?
– சிறுதொழில் நடத்துபவர்

அதே வகை எஞ்சின், அதே வகை கியர்பாக்ஸ், அதே எண் பேரிங் வேறு இயந்திரத்தில் இருக்கும். அதன் கையேட்டில் உள்ள இடைவெளியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் இயந்திரம் சொல்வதைக் கேட்டுத் திருத்துங்கள்.

தேயும் பாகங்களுக்கு அளவெடுத்தால் போதும். பிரேக் லைனிங் இன்று 7 மி.மீ., மாற்ற வேண்டிய அளவு 3 மி.மீ., 5,000 கிலோமீட்டருக்கு 1 மி.மீ. தேய்கிறது என்றால் மிச்சம் 20,000 கிலோமீட்டர். இருபதாயிரத்தில் போய்ப் பார்ப்பது தவறு. அதில் பாதியில், 10,000இல் ஒருமுறை கட்டாயம் திறந்து பார்க்க வேண்டும். பிரேக் என்பதால் நாங்கள் மூன்றில் ஒரு பங்கே சொல்வோம்.

தேய்மானமாக அளக்க முடியாத பாகங்களுக்கு வேறு கணக்கு. பழுதின் முதல் அறிகுறி தெரிவதற்கும் முற்றாக நிற்பதற்கும் நடுவே எவ்வளவு காலம் என்று பார்க்க வேண்டும். பேரிங் இரைய ஆரம்பித்து ஆறு வாரத்தில் பிடித்துக்கொள்கிறது என்றால் மூன்று வாரத்துக்கு ஒருமுறையாவது காது கொடுத்தாக வேண்டும். மாதம் ஒருமுறை பார்த்தால், பார்த்த மறுநாள் இரைச்சல் தொடங்கினாலும் அடுத்த முறை பார்க்கும்போது மிச்சமிருப்பது இரண்டு வாரத்துக்கும் குறைவு. பேரிங் வரவழைக்கவே அந்த நாள் போதாமல் போகலாம். இரைச்சல் கேட்ட நாளையும் நின்ற நாளையும் குறித்து வைத்தவர்களுக்கு மட்டுமே இந்தக் கணக்கு போட முடியும். ஆகவே பிரேக்டவுன் பதிவேட்டில் "எப்போதிலிருந்து அறிகுறி" என்று ஒரு கட்டம் சேருங்கள்.

மோட்டார் பேரிங்குக்கு எவ்வளவு கிரீஸ் அடிக்க வேண்டும்? எங்கள் ஆள் நிறையும் வரை அடிக்கிறார்.

நிறையும் வரை அடிப்பதுதான் பேரிங்கைக் கொல்கிறது. கிரீஸ் அதிகமானால் பந்துகள் அதைக் கடைந்துகொண்டே ஓடும், சூடேறும், எண்ணெய் பிரிந்து ஒழுகும், சீல் பிதுங்கும். மோட்டாருக்குள் தள்ளப்பட்ட கிரீஸ் வைண்டிங் மேல் போய் உட்காரும்.

கணக்கு எளிது. பேரிங்கின் வெளிவிட்டம், அகலம் இரண்டையும் மி.மீ.இல் எடுத்துப் பெருக்கி 0.005ஆல் பெருக்குங்கள்; வருவது கிராம். 6310 பேரிங்குக்கு வெளிவிட்டம் 110, அகலம் 27. பெருக்கினால் 14.85, அதாவது 15 கிராம். உங்கள் கிரீஸ் கன் ஓர் அழுத்தத்துக்கு எவ்வளவு தள்ளும் என்பது கன்னுக்குக் கன் மாறும். ஒரு காகிதத்தில் பத்து அழுத்தம் அடித்துத் தராசில் வைத்துப் பாருங்கள். 12 கிராம் வந்தால் ஓர் அழுத்தம் 1.2 கிராம், 15 கிராமுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று அழுத்தம். அந்த எண்ணை மோட்டார் மேலேயே பெயின்ட்டால் எழுதிவிடுங்கள்.

அடிக்கும்போது நிப்பிளையும் கன் முனையையும் துணியால் துடைத்த பிறகே பொருத்த வேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் தூசிதான் முதல் அழுத்தத்தில் உள்ளே போகும். கீழே உள்ள வடிகால் பிளக்கைத் திறந்துவிட்டு மெதுவாக அடியுங்கள். மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு மிகுதி வெளியே வந்தபின் பிளக்கை மூடுங்கள். அடித்தவுடன் சூடு சற்று ஏறி, சில மணி நேரத்தில் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அதிகமாகிவிட்டது. பேரிங் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஓடினால் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் இடைவெளியைப் பாதியாகக் குறையுங்கள். கிரீஸ் வகையைக் கலக்காதீர்கள். லித்தியம் கிரீஸ் இருந்த இடத்தில் பாலியூரியா கிரீஸ் போனால் இரண்டும் இளகி ஓடிவிட வாய்ப்புண்டு. இரு பக்கமும் சீல் வைத்து வந்த பேரிங்குக்குக் கிரீஸ் வேலையே இல்லை.

வண்டியின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ் (ஷாஃப்டை இணைக்கும் சிலுவை வடிவ மூட்டு) மட்டும் இதற்கு நேர் மாறு. நான்கு கப்பின் ஓரத்திலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் அந்தக் கப்புக்குள் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை அப்படியே விட்டு அனுப்பக் கூடாது.

வாரம் ஒருமுறை ஏர் ஃபில்டரைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்கிறோம். சரியா?

நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு ஊதலிலும் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுகிறது. அந்த வழியாகப் போகும் தூசி லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் அரைக்கிறது. கழற்றிப் போடுவதிலும் சீல் சரியாக உட்காராமல் போகிறது. அடைப்பு காட்டும் இண்டிகேட்டர் சிவப்புக்கு வந்தால் மாற்றுங்கள், அதற்கு முன் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் இரண்டாவது சிறிய ஃபில்டரை எந்நாளும் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

ஜெனரேட்டர் வருடத்துக்கு இருபது மணி நேரம்கூட ஓடுவதில்லை. ஆனால் தேவைப்படும்போதெல்லாம் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. ஓடாத இயந்திரத்துக்கு அட்டவணை என்ன?
– கட்டடப் பராமரிப்புப் பொறுப்பாளர்

ஓடாமல் இருப்பதுதான் அதன் நோய். மணி நேரக் கணக்கை மறந்துவிட்டு நாட்கணக்கில் போடுங்கள்.

ஸ்டார்ட் ஆகாததற்கு முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் விட்டு அளந்தால் 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்ட வேண்டும். 12.4க்குக் கீழே இருந்தால் சார்ஜரையும் முனைகளையும் பாருங்கள். இது மட்டும் போதாது. சும்மா இருக்கும்போது 12.6 காட்டும் கிழட்டு பேட்டரி செல்ஃப் அடித்தவுடன் 8க்குப் போய்ப் படுத்துவிடும். ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் மீட்டரைப் பிடித்துப் பார்க்க வேண்டும். 9.6க்குக் கீழே இறங்கினால் அந்தப் பேட்டரியை நம்ப முடியாது. மாதம் ஒருமுறை இந்த எண்ணைப் பதிந்துகொண்டே வந்தால், பேட்டரி சாகப்போவது சில மாதம் முன்பே தெரியும்.

இரண்டாவது, சோதனை ஓட்டம். வாரம் ஐந்து நிமிடம் லோடு இல்லாமல் ஓட்டி அணைப்பவர்கள் அதிகம். அது நன்மையைவிடக் கெடுதல். எஞ்சின் சூடேறாததால் டீசல் முழுதாக எரியாமல் புகைக்குழாயில் கறுப்புப் பிசினாகப் படியும். மாதம் ஒருமுறையாவது அதன் திறனில் 30 சதவீதத்துக்குக் குறையாத லோடு கொடுத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

மூன்றாவது டீசல். டேங்கின் அடியில் தண்ணீர் சேரும், அதில் பாசி போல ஒன்று வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். மாதா மாதம் அடி வடிகாலைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். தெளிந்த டீசல் வரும் வரை வடித்தால் போதும். ஆயில், கூலன்ட் இரண்டும் ஓடாவிட்டாலும் கெடும். ஆயிலை வருடம் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, மிகவும் எளிது, ஆனால் பலரும் விடுவது. சோதனை முடிந்ததும் சுவிட்சைத் திரும்ப ஆட்டோவில் வைத்தோமா, எமர்ஜென்சி ஸ்டாப் வெளியே இழுக்கப்பட்டிருக்கிறதா என்பதைச் செக்லிஸ்ட்டின் கடைசி வரியாகப் போடுங்கள். சர்வீஸ் செய்துவிட்டு மேனுவலில் விட்டுப் போன ஜெனரேட்டர் கரன்ட் போகும்போது அசையாது.

சர்வீஸ் முடித்த வாரத்தில்தான் வண்டி நிற்கிறது. சர்வீஸ் செய்யாமலே விட்டால் நன்றாக ஓடுமோ என்று தோன்றுகிறது.
– டிரைவர் ஒருவர்

உங்கள் கவனிப்பு சரி. இதை இரண்டாம் உலகப் போரின்போதே கண்டுபிடித்தார்கள். பிரிட்டனின் கடலோர விமானப் படைப் பிரிவில் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை விமானங்களைச் சர்வீஸ் செய்தார்கள். உயிரியல் அறிஞரான கான்ராட் ஹால் வாடிங்டன் குழுவினர் பழுதுகளைக் கணக்கெடுத்தபோது, சர்வீஸ் முடிந்த உடனேதான் பழுதுகள் மிகுந்திருந்தன. மணி நேரம் ஏற ஏறக் குறைந்தன. தேவையில்லாமல் பிரித்துப் போட்டதே காரணம். பின்னாளில் அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸில் பணியாற்றிய நௌலன், ஹீப் இருவரும் 1978இல் தந்த அறிக்கையில், ஆராய்ந்த விமானப் பாகங்களில் 11 சதவீதத்துக்கு மட்டுமே வயதுக்கும் பழுதுக்கும் தொடர்பு இருந்தது. 68 சதவீதம் புதிதாகப் போட்ட காலத்தில்தான் அதிகம் கெட்டன.

இதை வைத்து ஆயில் மாற்றுவதை நிறுத்திவிடக் கூடாது. தேய்வதும் சீர்கெடுவதுமான பாகங்கள் காலக்கெடுவில் மாறியே ஆக வேண்டும்: ஆயில், ஃபில்டர், பெல்ட், பிரேக் லைனிங், டயர். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய நிலைக்கு விதிக்கப்பட்ட அளவு 155 டிகிரிதான். இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. நன்றாக ஓடும் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் "எதற்கும் பார்த்துவிடலாம்" என்று பிரிப்பதைத்தான் நிறுத்த வேண்டும்.

சர்வீஸில் எங்கே தவறு நுழைகிறது என்பதும் தெரிந்ததுதான். பழைய ஆயில் ஃபில்டரின் ரப்பர் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதைப் பூட்டினால் இரண்டு ரப்பர் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று, பாதி வழியில் ஆயில் முழுவதும் பீறிடும். கழற்றியதும் விரலால் தடவிப் பாருங்கள். புது ரப்பரில் ஆயில் தடவி, தொட்டதிலிருந்து முக்கால் சுற்று கையாலேயே இறுக்கினால் போதும். டீசல் ஃபில்டரில் கேனிலிருந்து டீசல் ஊற்றி நிரப்பிப் பூட்டுவது இன்னொரு தவறு. நடுத் துளை வழியாக ஊற்றிய வடிகட்டாத டீசல் நேரே இன்ஜெக்டருக்குப் போகும். காலியாகப் பூட்டி, கை பம்பை அடித்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். சக்கரம் கழற்றியிருந்தால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்ச் போட்டு மறுபடி இறுக்க வேண்டும். புது பெல்ட் முதல் நாள் ஓட்டத்திலேயே நீளும். மறுநாள் தொய்வு பாருங்கள். இந்த மறு பார்வையை அட்டவணையில் தனி வரியாகவே போட வேண்டும். ஆளின் ஞாபகத்தில் விடக் கூடாது.

இரண்டே மெக்கானிக். ஒரு வாரம் எல்லா வண்டியும் சர்வீஸுக்கு வந்து நிற்கிறது, அடுத்த வாரம் ஒன்றுமில்லை. ஆள் கூட்டச் சொல்லிக் கேட்கலாமா?

கேட்பதற்கு முன் கூட்டிப் பாருங்கள். இரண்டு பேர், நாளுக்கு 8 மணி, ஆறு நாள்: 96 மணி. சாமான் தேடுவது, வண்டிக்காகக் காத்திருப்பது எல்லாம் போக ஸ்பேனர் பிடிக்கும் நேரம் 60 சதவீதம் என்று வைத்தால் 58 மணி. திடீர்ப் பழுதுக்கு 20 மணி ஒதுக்கினால் திட்ட வேலைக்கு 38 மணி.

20 வண்டிக்கு வருடம் ஆறு சிறிய சர்வீஸ், மூன்று மணி வீதம். ஒரு பெரிய சர்வீஸ், 12 மணி. வண்டிக்கு 30, மொத்தம் 600. மற்ற இயந்திரங்களுக்கு 400 என்றால் வருடத்துக்கு 1,000 மணி. 50 வாரத்தில் பரப்பினால் வாரம் 20. ஆள் போதும், குவிவதுதான் சிக்கல். பெரிய சர்வீஸ்களை இரண்டரை வாரத்துக்கு ஒன்றாக முதலில் காலண்டரில் உட்கார வையுங்கள். சிறியவற்றைச் சுற்றிலும் நிரப்புங்கள். குவியலைக் கலைக்கச் சில வண்டிகளை ஒருமுறை முன்கூட்டியே சர்வீஸ் செய்ய வேண்டியிருக்கும். முன்னால் இழுக்கலாம், பின்னால் தள்ளக் கூடாது. ஃபில்டர், வாஷர், பெல்ட் எல்லாம் ஒரு வாரம் முன்பே வண்டி எண் எழுதிய பெட்டியில் தயாராக இருந்தால் மூன்று மணி வேலை மூன்று மணியிலேயே முடியும்.

செக்லிஸ்ட்டில் எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கிறது. உண்மையில் பார்த்தார்களா என்று எப்படி அறிவது?

டிக் போடும் கட்டத்தை எடுத்துவிட்டு எண் எழுதும் கட்டமாக்குங்கள். "பெல்ட் சரியா" என்று கேட்காமல், "இரண்டு புல்லிக்கு நடுவே அழுத்தினால் எத்தனை மி.மீ. தாழ்கிறது" என்று கேளுங்கள். பொது விதி 100 மி.மீ. இடைவெளிக்கு 1.6 மி.மீ.; புல்லிகளுக்கிடையே 500 மி.மீ. என்றால் 8 மி.மீ. இதைப் பக்கத்திலேயே அச்சிட்டு வையுங்கள். டயருக்குக் காற்றழுத்தம், பேட்டரிக்கு வோல்ட், பிரேக்குக்கு மி.மீ. மூன்று மாதமாக ஒரே எண் மாறாமல் வந்தால் யாரும் அளக்கவில்லை. அந்த வண்டியருகே மெக்கானிக்கை அழைத்து இருவருமாக அளந்து பாருங்கள். திட்டுவதற்காக அல்ல; பல இடங்களில் அவர் கையில் அளவுகோலோ கேஜோ இல்லாததுதான் காரணமாக இருக்கும்.

ஆறு மாதமாகப் பிரேக்டவுன் இல்லை. ஆயில் மாற்றும் இடைவெளியை நீட்டலாமா?

வாரன்டி இருந்தால் கூடாது. இல்லையென்றால் ஆயிலைச் சோதித்துப் பார்த்து நீட்டலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலிருந்து, சுத்தமான பாட்டிலில் எடுக்க வேண்டும். சிலிக்கான் ஏறினால் தூசி நுழைகிறது, ஏர் ஃபில்டர் குழாயைப் பாருங்கள். சோடியம், பொட்டாசியம் ஏறினால் கூலன்ட் கசிகிறது. கெட்டித்தன்மை குறைந்தால் டீசல் கலக்கிறது. இந்த மூன்றில் எது தெரிந்தாலும் நீட்டும் பேச்சே வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு முறை நல்ல அறிக்கை வந்தால் 250 மணி நேரத்தை 300 ஆக்குங்கள், மறுபடி சோதியுங்கள். ஒரே நேரத்தில் ஆயில் வகையையும் இடைவெளியையும் மாற்றாதீர்கள். கெட்டால் எதனால் என்று தெரியாது.

சர்வீஸ் பத்து நாள் தாமதமானால் அடுத்ததை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

ஆயில், கிரீஸ் போன்றவற்றை உண்மையில் செய்த தேதியிலிருந்தும் மீட்டரிலிருந்தும் எண்ணுங்கள். சட்டப்படி நடக்கும் பரிசோதனைகள், சேஃப்டி வால்வ், கிரேன் சோதனை போன்றவை காலண்டர் தேதியிலேயே நிற்க வேண்டும், நகர்த்தக் கூடாது. இடைவெளியில் பத்தில் ஒரு பங்கு வரை தாமதம் பொறுக்கலாம்: 30 நாள் வேலைக்கு 3 நாள், 250 மணிக்கு 25 மணி. அதற்கு மேல் போனதைச் சிவப்பில் குறித்து, வண்டி கிடைக்கவில்லையா, ஸ்பேர் வரவில்லையா, ஆள் இல்லையா என்று பக்கத்தில் ஒரு சொல் எழுதி வையுங்கள். மூன்று மாதச் சிவப்பைச் சேர்த்துப் பார்த்தால் அடுத்து எதைச் சரிசெய்ய வேண்டும் என்று அந்த ஒரு சொல்லே காட்டிவிடும்.